ஏழாவது ஹெட்டு

கோவில்பட்டியில் அவர் வாயிலிருந்து ‘இருக்கும்’ என்ற சொல்லை வாங்கியவர் யாருமில்லை. ‘இருக்கு’ என்பார். ‘இல்ல’ என்பார். இரண்டும் சொல்ல முடியாவிட்டால் ‘நான் அளக்கலை’ என்பார். அதற்குமேல் அவரிடம் நின்று பிரயோஜனமில்லை.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் மெஷின்களில் தேய்ந்துபோன பாகங்கள், நூற்பாலை உருளைகள், கிணற்று மோட்டார் தண்டுகள் எல்லாம் அங்கேதான் கடைசலுக்கு வரும். கார் மெக்கானிக்குகள் என்ஜின் ஹெட்டுகளையும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஹெட்டு என்பது என்ஜினுக்கு மேல்மூடி. அதன் அடிப்பக்கம் சலனமில்லாத தண்ணீர் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். வண்டி சூடாகி அது நெளிந்துவிட்டால் இழைத்து மட்டப்படுத்திக் கொடுப்பார். ஊருக்கே அவர் லேத் அண்ணாச்சி.

நான் ஸ்டேஷன் எதிரில் இருந்த டாக்சி ஸ்டாண்டில் சொந்தக் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தினமும் அவர் டீ குடிக்க வருகிற கடைதான் எங்களுக்கும். ஒருநாள் புதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், உளுந்து விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஆறுதலுக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

“மேகம் கூடுதே, மழ வந்திரும்லா அண்ணாச்சி?”

இவர் கிளாசை வைத்துவிட்டு வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, “மேகம் இருக்கு” என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷன் முகம் விழுந்துபோனது. வந்திரும் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இது பரவாயில்லை. பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கயத்தாற்றிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். பெண்ணின் அப்பா நேரே பட்டறைக்கே வந்து, “பையன் எப்படி?” என்று கேட்டார்.

“எட்டரைக்கு வருவான். ஆறு மணிக்குப் போவான். ரெண்டு வருசத்துல ஒரு சாமான் வீணாக்கலை.”

“கொணம் எப்படின்னு கேக்கேன்.”

“அத நான் எதை வச்சு அளக்க?”

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அந்த ஆள் ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. இவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. “நல்லதத்தானே சொன்னேன்” என்று டீக்கடையில் எங்களிடம் கேட்டார்.

அவருடைய வீட்டம்மாவை நாங்கள் மதினி என்போம். தீபாவளிக்குப் புதுச் சேலை உடுத்திக்கொண்டு, “எப்படி இருக்கு?” என்று அவர்முன் நின்றிருக்கிறார்கள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “முந்தி ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு” என்றாராம். மதினி இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். “இவியகிட்ட நல்லாயிருக்குன்னு ஒரு சொல்லு வாங்கணும்னா நான் மறுபடி பொறக்கணும்” என்பார்கள்.

ஆனால் சிரிக்க முடியாததும் உண்டு. ஒரு நூற்பாலையின் ஸ்டோர் அதிகாரி நல்ல உருளைகளைக் கொண்டுவந்து, தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். புதிதாக வாங்கினால் அவருக்கு ஏதோ உண்டு போலிருக்கிறது. இவர் எல்லாவற்றையும் அளந்து, ‘தேயவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு அந்த ஆலையின் வேலை வரவில்லை. அந்த வருஷம் முழுக்க இரண்டு லேத்தில் ஒன்றுதான் ஓடியது.

இப்படிப்பட்ட ஆள் ஒருநாள் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். தொண்ணூறுகளின் கடைசி அது. அப்போது எங்கள் ஸ்டாண்டில் புதிதாக ஒரு டீசல் கார் வந்திருந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது. ஆறு பேர் ஒரே சமயத்தில் வாங்கினார்கள். எட்டு மாதம் கழித்து நானும் வாங்கினேன். ஒன்றரை வருஷத்துக்குள் அந்த ஆறும் ஒவ்வொன்றாக வெள்ளைப் புகை கக்கி நின்றது. திருநெல்வேலி ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனால், ‘தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது’ என்று ஒரே மாதிரி கடிதம் கொடுத்தார்கள். டிரைவருக்கு அது பெரிய அவமானம். தண்ணி பாக்காம வண்டி எடுத்தவன் என்ற பெயர் வரக்கூடாதென்று ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லவில்லை. மூன்று பேர் மட்டும் அவரவர் ஹெட்டைக் கழற்றி, சத்தம் காட்டாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“ஒங்க வண்டி ஹெட்டு எங்கிட்ட மூணு வந்திருக்கு” என்றார் லேத் அண்ணாச்சி. “மூணும் ஒரே எடத்துல வெடிச்சிருக்கு. மூணும் நெளியலை. சூடானா நெளியணும். இன்னும் யாராவது வச்சிருந்தா கொண்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு எங்களில் மூத்த டிரைவர், “எனக்கும் போயிட்டுதுடே” என்றார். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவர், நாலு மாதமாகத் தான்தான் தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வழக்கு அன்றைக்கு ஆரம்பித்தது.

ஊரில் இருந்த ஒரு வக்கீலம்மா எங்களுக்காகத் தூத்துக்குடி நுகர்வோர் மன்றத்தில் மனுப் போடச் சம்மதித்தார்கள். எத்தனை பேர் சேர்ந்து வருகிறோமோ அத்தனைக்குப் பலம் என்றார்கள். அதைக் கேட்டுத்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முந்தின வாரம் என் வண்டியும் நின்றிருந்தது.

ஆனால் என் வண்டி நின்ற கதை வேறு. புதூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆடு மேய்க்கிற குடும்பம். மருமகளுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். மத்தியான வெயிலில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். எட்டயபுரம் தாண்டி ஆறேழு கிலோமீட்டரில் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் கிழிந்துவிட்டது. சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு. தண்ணீர் கிடைத்தாலும் கிழிந்த குழாயில் நிற்காது. பின்சீட்டில் அந்தப் பெண் கத்துகிறாள். மாமியார்க்காரி தெலுங்கில் எந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சூடு காட்டும் முள் சிவப்பில் போய் முட்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. எட்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டி, கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி வாசலில் விட்டேன். என்ஜின் அங்கேயே அணைந்து நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இதை நான் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. மனுவில் எல்லோருக்கும் ஒரே வாசகம்: ‘வாகனத்தை ஒருபோதும் தண்ணீர் இன்றி இயக்கவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேறு பிழைப்பில்லை. கம்பெனிக்காரன் ஆறு பேரை ஏமாற்றியிருக்கிறான், ஏழாவதாக நானும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டால் என்ன என்று மனசு கணக்குச் சொன்னது.

லேத் அண்ணாச்சிதான் சாட்சி. ஹெட்டுகளைப் பார்த்து அறிக்கை எழுதித் தர வேண்டியவர் அவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். என் ஹெட்டு மேசைமேல் இருந்தது.

“தம்பி, இது சூடானதுல்லா?” என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த குழாய், அந்தப் பெண், எட்டு கிலோமீட்டர். கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும், “நல்ல காரியம் பண்ணியிருக்க” என்றார். எனக்கு உயிர் வந்தது.

“அப்போ ஏழும் ஒண்ணுதான்னு எழுதிருதீங்களா அண்ணாச்சி?”

“ஏழும் ஒண்ணு இல்லயே.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே. ஆறு பத்தி எழுதுதேன். ஒன்னதப் பத்தி நானா எழுத மாட்டேன். ஆனா என்னையக் கேட்டா சொல்லீருவேன். இப்பமே சொல்லிட்டேன், தெரிஞ்சுக்கோ.” பிறகு ஹெட்டைத் திருப்பி எதையோ காட்டினார். “இன்னொண்ணு, ஒன்னுது வேற அச்சுல வார்த்தது. இங்கன பாரு…”

நான் பார்க்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. “நீங்க மனுசனா மிஷினா?” என்று கத்தினேன். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

விசாரணை நாளில் ஏழு கார் முதலாளிகளும் டவுன் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பஸ்ஸுக்கு நின்றோம். ஆளுக்கொரு சாக்கில் ஹெட்டு. தூக்கி ஏற்றுவதற்குள் இடுப்புப் போய்விட்டது. கண்டக்டர் ஒரு சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, “என்னவே உள்ள?” என்றார்.

“ஹெட்டு” என்றார் மூத்த டிரைவர்.

“ஏழு தலைய வெட்டிக்கிட்டா தூத்துக்குடி போறீங்க?”

பஸ்ஸே சிரித்தது. லேத் அண்ணாச்சி சிரிக்கவில்லை. மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

மன்றத்தில் கம்பெனி வக்கீல் முதலில், வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் நுகர்வோரே இல்லை என்றார். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று வக்கீலம்மா சட்டத்தைக் காட்டினார்கள். பிறகு லேத் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் அறிக்கையில் ஆறு வண்டிதான் இருந்தது என்பதைக் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொண்டார்.

“மனுதாரர் ஏழு பேர். ஏழு ஹெட்டையும் நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஏழும் ஒரே மாதிரியா?”

“இல்லங்கய்யா. ஆறு ஒரே மாதிரி. ஏழாவது வேற. அது சூடாகி நெளிஞ்சது.”

வக்கீலம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“அப்படின்னா அந்த ஏழாவது ஆள் இந்த மன்றத்துல பொய் சொல்லியிருக்கார். அப்படித்தானே?”

“அவர் என்ன சொன்னார்னு நான் அளக்கலை. ஹெட்டைத்தான் அளந்தேன்.”

அந்தப் பதிலில் எனக்கு ஒரு வழி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நெளிந்த ஹெட்டுக்காக அவர் ஒற்றையாளாக அங்கே நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

“ஐயா, அது என் வண்டி. தண்ணியில்லாம ஓட்டுனேன். அவரு சொல்லுததுதான் சரி.” அந்த மத்தியானத்தைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியம் சொன்னேன்.

கம்பெனி வக்கீலுக்குக் கொண்டாட்டம். “பாத்தீங்களா? ஒருத்தர் ஒத்துக்கிட்டார். மத்தவங்க ஒத்துக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாருமே இப்படி ஓட்டினவங்கதான்.”

எனக்குப் பின்னால் ஆறு பேர். அவர்கள் தலையிலும் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மன்றத் தலைவர் வயதானவர். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, லேத் அண்ணாச்சியிடம், “வித்தியாசத்தை எனக்குக் காட்ட முடியுமா?” என்றார்.

“காட்டலாங்கய்யா.”

சாக்குகளை அவிழ்த்தோம். மேசைமேல் ஏழு ஹெட்டும் வரிசையாக வந்தது. அவர் மரப்பெட்டியைத் திறந்தார். ஒரு எஃகு மட்டக்கோல். விரல் நீளத் தகடுகளின் கொத்து ஒன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். முதல் ஹெட்டின்மேல் கோலை வைத்து, அதன் அடியில் மெல்லிய தகடு ஒன்றை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. “மட்டமா இருக்கு. ஆனா வெடிப்பு இந்தா இருக்கு.” தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தானே தகட்டை வாங்கிக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரைக்கும் முயன்று பார்த்தார். எதிலும் நுழையவில்லை. ஏழாவதில் தடையில்லாமல் உள்ளே போனது.

“தண்ணி இல்லாம சூடானா இப்படி வில்லு மாதிரி வளையும்யா. மத்த ஆறும் வளையலை.”

“இதுல வெடிப்பு இருக்கா?”

“இல்ல.”

“எட்டு கிலோமீட்டர் தண்ணியில்லாம ஓடியுமா?”

“இல்லங்கய்யா. இது வேற அச்சுல வார்த்தது.” அகலம் அளக்கிற வெர்னியரை எடுத்தார். ஹெட்டில் இரண்டு வால்வு உட்காரும் ஓட்டைகளுக்கு நடுவே பாலம் போல ஒரு பகுதி உண்டு. ஆறிலும் வெடித்திருந்தது அங்கேதான். “இந்த ஆறுலயும் பாலம் நாலரை மில்லி. இவரு வண்டி எட்டு மாசம் பிந்தி வாங்குனது. இதுல ஏழு மில்லி இருக்கு.”

தலைவர், கம்பெனி சார்பில் வந்திருந்த என்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“ஏன் அகலமாக்குனீங்க?”

“அது சார்… வழக்கமான மேம்பாடு.”

“எந்தக் குறையை மேம்படுத்துனீங்க?”

என்ஜினியர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதங்களைப் பார்த்தார்.

தலைவர் லேத் அண்ணாச்சியிடமே கேட்டார்: “கம்பெனிக்கு முன்னாடியே தெரிஞ்சுதான் மாத்தியிருக்காங்கன்னு சொல்றீங்களா?”

“அது எனக்குத் தெரியாதுய்யா. அகலம் கூடியிருக்கு. அவ்வளவுதான் தெரியும்.”

தலைவர் மெல்லத் தலையசைத்தார். “எனக்கு அது போதும்” என்றார்.

தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆனது. குறை இருப்பது தெரிந்தும் மறைத்து வாரண்டியை மறுத்திருக்கிறார்கள் என்று எழுதி, ஆறு பேருக்கும் ஹெட்டு மாற்றித் தரவும் நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவு போட்டார்கள். என் மனு தள்ளுபடி. பொய்யாக உறுதிமொழி கொடுத்ததற்குக் கண்டிப்பும், பிறகு தானே முன்வந்து உண்மையைச் சொன்னதால் அதற்குமேல் நடவடிக்கை இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. வக்கீலம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, “ஏழும் ஒண்ணுன்னு அவரு சொல்லியிருந்தா அன்னைக்கே நாம தோத்திருப்போம்” என்றார்கள்.

அதன்பிறகும் பட்டறைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மூத்த டிரைவர்தான், “போய்ப் பாருடே” என்று தள்ளிவிட்டார். போனேன். என் ஹெட்டு மேசையில் இருந்தது. இழைத்து முடித்து, எண்ணெய் தடவி, தினத்தாளில் சுற்றி வைத்திருந்தார்.

“வெடிச்சத ஒண்ணும் செய்ய முடியாது. நெளிஞ்சத சரி பண்ணலாம்” என்றார். “கொண்டு போயி மாட்டு.”

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அண்ணாச்சி.”

“எது?” என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, தெரியாதது போல் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி ஓட ஆரம்பித்தது. நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மன்றத்தில் எழுந்து நின்ற கதை ஊருக்குள் பரவியிருந்தது. ஒரு டாக்டர் தன் வயதான அம்மாவை மதுரைக்கு அழைத்துப்போக என்னைத்தான் கூப்பிட்டார். பிறகு அவருடைய நண்பர்கள். தனியாகப் பயணம் போகிற பெண்களுக்கு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு என்று என்னைத் தேடி ஆள் வந்தது. பிழைப்பு போய்விடுமென்று பயந்து பொய் சொன்னவனுக்கு, அந்தப் பொய் உடைந்ததால் பிழைப்பு கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சோற்றைத்தான் என் வீட்டில் சாப்பிட்டோம்.

வண்டி சரியானதும் முதல் சவாரியாக அவரையும் மதினியையும் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாமி கும்பிட்டு, கடலில் கால் நனைத்து, மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறுமுகநேரி உப்பளத்துக் காற்று ஜன்னல் வழியே அடித்தது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். பின்சீட்டிலிருந்து மதினி மெல்லக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, ஒருநா பட்டறையில வந்து சத்தம் போட்டுட்டுப் போனீங்கல்லா?”

கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “ஆமா மதினி. பெரிய தப்பு.”

“தப்புன்னு சொல்ல வரலை. மறுநா ஞாயித்துக்கிழமை. லீவுநாள்ல இவிய பட்டறையத் தொறக்கவே மாட்டாவ. அன்னைக்குக் காலையிலயே போயிட்டாவ. மத்தியானம் வரைக்கும் ஆளக் காணும். நான் தூக்குச்சட்டியில சோறெடுத்துட்டுப் போனேன். ஒங்க சாமானத்தான் அளந்துக்கிட்டு இருந்தாவ. மேசையில சாக்பீஸால கோடு கோடாப் போட்டிருந்தாவ. இதென்னன்னு கேட்டேன். பதினோரு தரம் அளந்திருக்கேன்னாவ.”

“பதினோரு தரமா?”

“ஆமா. எதுக்குன்னு கேட்டேன். ஒரு தடவையாச்சும் வேற மாதிரி வராதான்னு பாக்கேன்னு சொன்னாவ. கொண்டு போன சோறு அப்படியே திரும்பி வந்துது.”

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஜன்னல் சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் என் துண்டை எடுத்து மடித்து, அவர் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்தேன். முழித்துவிடக் கூடாதென்று, கோவில்பட்டி வரைக்கும் மேடுபள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.